அதிகம் கிடைத்த முகம்

தமிழ்நாட்டில் அழியாமல் தப்பியது கல்யாண வீடியோ மட்டும்தான். மற்றதெல்லாம் போய்விட்டது. பட்டா, பத்திரம், பள்ளிக்கூட மதிப்பெண், ஆஸ்பத்திரி ஸ்கேன், தெருமுனைக் கேமராவில் பதிந்தது என்று எல்லாவற்றையும் எங்கேயோ ஒரு சேமிப்பகத்தில் போட்டுவிட்டு, அது அங்கேயே இருக்கும் என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் எங்களுக்கு முந்தைய தலைமுறை. அந்தச் சேமிப்புத் தட்டுகளுக்கு ஆயுள் கொஞ்ச வருடம்தான், அதற்குள் புதிய தட்டுக்கு நகல் எடுத்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எடுக்க வேண்டியது யார் என்பதில்தான் தகராறு. கம்பெனி அரசாங்கத்தைக் கைகாட்டியது, அரசாங்கம் டெண்டர் எடுத்தவனைக் கைகாட்டியது, அவன் கடையைக் காலி செய்துகொண்டு போயிருந்தான். கடைசியில் திறந்து பார்த்தபோது எல்லாம் செல்லரித்த வேட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

கல்யாண வீடியோ தப்பியதற்கும் நம் புத்திசாலித்தனம் காரணமில்லை. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, வரமுடியாமல் போன துபாய் மாமாவுக்கு ஒன்று, முகூர்த்தத்தில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போன சித்தப்பா பிற்பாடு சமாதானமாகிக் கேட்டு வாங்கியது ஒன்று. இப்படி ஒவ்வொரு கல்யாணமும் ஏழெட்டு வீட்டு அலமாரியில் கிடந்தது. ஒரு வீட்டில் கெட்டால் இன்னொரு வீட்டில் பிழைத்துக்கொண்டது.

இந்த வீடியோக்களை வைத்துத்தான் அரசாங்கம் மீட்பகம் என்று ஒன்றை ஆரம்பித்தது. வீடுவீடாகப் பழைய நகல்களை வாங்கிக்கொண்டார்கள். மனிதர்கள் எப்படி நிற்பார்கள், நடப்பார்கள், எந்த ஊரில் எந்த மாதிரி முகம் இருக்கும் என்பதையெல்லாம் ஒரு எந்திரம் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிறகு அழிந்த கேமராப் பதிவுகளில் இருந்த ஓட்டைகளை அடைத்தது. அடைத்ததையும், கூடவே அந்தக் கல்யாண வீடியோக்களையும் கண்ணாடித் தகட்டில் பொறித்தார்கள். கண்ணாடி தீயில் வேகாது, தண்ணீரில் ஊறாது, ஆயிரம் வருடம் தாங்கும். கண்ணாடியில் இருப்பதை யாரும் கோர்ட்டில் மறுக்கக் கூடாது என்று சட்டமும் வந்தது. ஊரில் யாராவது எதையாவது அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் "கண்ணாடியிலேயே ஏறிடுச்சு, அப்புறம் என்ன?" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

என் பெயர் யாழினி. பவானி ஆற்றங்கரையில் செம்மாம்பாளையத்தில் வக்கீல். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு அரசாங்கமே அனுப்பிவைக்கும் இலவச வக்கீல். இலவசமாகக் கிடைப்பதற்கு நம் ஊரில் என்ன மரியாதையோ அதுதான் எனக்கும். நவநீதன் வழக்கு அப்படித்தான் என்னிடம் வந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் மிதுரா என்ற நான்கு வயதுக் குழந்தை காணாமல் போனது. அம்மா தர்ஷினி தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பிய நேரத்தில் போய்விட்டது. அப்போதே கேமராப் பதிவை எடுத்துப் பார்த்திருந்தால் ஆள் தெரிந்திருக்கும். போலீஸ் அனுமதிக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்குவதற்குள் அந்தத் தட்டு கெட்டுப்போனது. இப்போது மீட்பகம் அதை மீட்டுக் கண்ணாடியில் ஏற்றியது. குழந்தை ஒரு ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிவாசல் பக்கம் நடக்கிறது. ஆளின் முகம் பளிச்சென்று தெரிகிறது. நவநீதனைச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்திலேயே கைது செய்தார்கள்.

ஜெயிலில் முதல்முறை பார்த்தபோதே எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. அறுபதைத் தாண்டிய மனிதர். முட்டி வலியால் உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு எங்கே இருந்தீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருவத்திரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாளுங்க. யாருக்குங்க ஞாபகம் இருக்கும்? முகூர்த்த நாளா இருந்தா எங்கயோ ஒரு மண்டபத்துல பந்தியில நின்னுருப்பேன். அதுக்குச் சாட்சி சொல்ல ஊரே வரும்."

"நீங்க கேட்டரிங்கா?"

"பரிமாறுற ஆளுங்க. கோபி, சத்தி, அந்தியூரு, இந்தப் பக்கம் எந்தக் கல்யாணமா இருந்தாலும் நாந்தானுங்க வாளி தூக்குவேன். உங்க கல்யாணத்துக்குங்கூட நாந்தானுங்க பந்தி. உங்க மாமா ஒருத்தரு ரசத்தைக் கையில வாங்கிக் குடிச்சாரு."

சம்பவம் நடந்த தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். ஆடி மாதம். ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் இந்த மனிதருக்குச் சாட்சியே கிடையாது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை, ஆடி மாதத்தின் மேல்.

"பொண்ணு வந்து பாத்தாங்களா?" என்று கேட்டேன். சாதனா என்று ஒரே மகள், ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார்.

"ஒரு தடவை வந்துச்சுங்க. கண்ணாடியில ஏறிடுச்சேப்பான்னு அழுதுச்சு. அப்புறம் வல்லீங்க." மேசை விளிம்பை விரலால் தேய்த்தார். "உள்ள இருக்கறதுகூடப் பரவால்லீங்க வக்கீலம்மா. அது அப்படி நெனச்சுட்டு உக்காந்திருக்கறதுதான் தாங்க முடியல. அதுக்குஞ் சின்னதா ஒரு பொம்பளப் புள்ள இருக்குதுங்க."

விசாரணைக்கு விசாரணை தர்ஷினி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் கோகுல்நாத் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தவர். குழந்தை போனபிறகு வேலையை விட்டுவிட்டு, போட்டோவை எடுத்துக்கொண்டு திருப்பூர், பழனி, பெங்களூர் என்று ஒவ்வொரு பேருந்து நிலையமாகத் திரிந்து, நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அவர் தேடாத ஊர் இல்லை என்று செம்மாம்பாளையத்தில் எல்லோரும் சொல்வார்கள். தர்ஷினி நவநீதனைப் பார்த்த பார்வையில் கோபம் மட்டும் இருந்தது என்று சொல்லமாட்டேன். வெறுப்பதற்கு ஒரு முகம் கிடைத்த ஆறுதலும் இருந்தது. அதைப் பறிக்கத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது.

அந்தக் கண்ணாடிப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த ஆள் தலையை இடதுபக்கம் சாய்த்து, கொஞ்சம் குனிந்து, வாயை லேசாகத் திறந்து குழந்தையைப் பார்க்கிறான். குழந்தையை ஏமாற்றும் சிரிப்பு என்று அரசு வக்கீல் அதை வர்ணித்தார். எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. என்னவோ கேட்கிற முகமாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கல்யாணப் பந்தியிலும் நின்றதாக அவர் சொன்னது ஞாபகம் வந்து, மீட்பகத்திலிருந்து என் கல்யாண வீடியோவை வரவழைத்துப் போட்டேன். நம் வீடியோக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பந்தி நடக்கும்போது இலைக்கு இலை கேமராவைக் கொண்டுபோய், வாயில் சோற்றோடு இருக்கும் சொந்தக்காரர்கள் ஒருவரையும் விடமாட்டார்கள். என் மாமா கையைக் குழித்து நீட்டினார். அவருக்கு எதிரே தலையை இடதுபக்கம் சாய்த்து, கொஞ்சம் குனிந்து, வாயை லேசாகத் திறந்து நவநீதன் நின்றார்.

ரசம் வேணுங்களா என்று கேட்கிற முகம். பேருந்து நிலையத்தில் குழந்தையிடமும் அதே முகம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளே மீட்பகத்துக்குப் போனேன். பிரணவ் என்று ஒரு பொறியாளர் பேச ஒத்துக்கொண்டார். நல்ல பையன்தான், ஆனால் பேசும்போது கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதிவுல முகம் நிஜமாவே இருந்துச்சா, எந்திரம் போட்டதா?"

"முகம் இருந்த இடம் முழுக்கப் போயிருந்துச்சு மேடம். எந்திரம் போட்டதுதான்."

"அப்ப யார் முகத்தை வேணாலும் போடுமா?"

"யாரை வேணாலும்னு இல்ல. அந்த ஊர்ல, அந்த வயசுல, அந்த உயரத்துல யாரா இருக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு பார்க்கும். அதுக்குத் தெரிஞ்ச முகமெல்லாம் கல்யாண வீடியோவுல இருந்து வந்தது. நீங்க ஒரு கல்யாணத்துல இருப்பீங்க, நாலு கல்யாணத்துல இருப்பீங்க. அவரு எல்லாத்துலயும் இருக்காரு. குனிஞ்சது, நிமிர்ந்தது, திரும்பினது, வெளிச்சத்துல, இருட்டுல. இந்த மாவட்டத்துல அதிகமா கிடைச்ச முகம் அவரோடதுதான். எந்திரத்தைப் பொறுத்தவரைக்கும் ஆம்பளைன்னாலே கிட்டத்தட்ட அவருதான்."

"இது நிரப்பினதுன்னு ஒரு குறியாவது போடக் கூடாதா?"

"போடுது மேடம். நிரப்பின இடத்துக்கெல்லாம் எந்திரம் குறி போட்டுத்தான் கொடுக்கும். கண்ணாடியில பொறிக்கும்போது இடம் பத்தலைன்னு குறியை மட்டும் விட்டுட்டாங்க."

"யார் விட்டது?"

"யாருன்னு இல்ல. கூட்டத்துல முடிவாச்சு."

கூட்டத்தில் முடிவாவதைப் போலக் கொடுமையான விஷயம் எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு ஆள் செய்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இருபது பேர் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டு செய்தால் யாரைப் பிடிப்பது?

மீட்ட பதிவுகளில் நவநீதன் வேறு எங்கெல்லாம் இருக்கிறார் என்று தேடச் சொன்னேன். பிரணவ் தயங்கினார், பிறகு தேடினார். பாங்க் வரிசையில் நின்றார். வெள்ளத்தில் படகு தள்ளினார். ஒரு கலவரத்தில் கல்லோடு ஓடினார், அதே கலவரத்தில் அடிபட்டும் கிடந்தார். ஒரே நாளில் ஒரே நேரத்தில் சத்தியிலும் ஈரோட்டிலும் இருந்தார். எல்லா இடத்திலும் தலையைச் சாய்த்து யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பிரணவ் திரையை அணைத்துவிட்டு, "எனக்கே இப்பத்தான் தெரியும் மேடம்" என்றார். நான் நம்பினேன். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தவர்களுக்கு உண்மையில் தெரிந்திருக்காது.

இதையெல்லாம் கோர்ட்டில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மறுக்கத்தான் சட்டத்தில் தடை, கண்ணாடிக்கு எதிராகக் கண்ணாடியையே காட்டத் தடை இல்லை. நீதிபதி நெற்றியைத் தேய்த்தார். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அன்றைக்கே அரசு வக்கீல் என்னைக் கூப்பிட்டு காபி வாங்கிக் கொடுத்தார். அவர் காபி வாங்கிக் கொடுத்தால் பின்னாலேயே ஒரு பேரம் வரும் என்று கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"யாழினி, உங்க ஆளை விட்டுர்றோம். அரசே முன்வந்து இந்த ஒரு தகடு பழுதுன்னு சொல்லிடும். ஆனா இந்த ஒண்ணுதான். மத்த தகடு எதைப் பத்தியும் நீங்க இனிமே பேசக் கூடாது, எழுதிக் கொடுக்கணும்."

"கண்ணாடியை வச்சு உள்ளே போனவங்க எத்தனை பேர் இருக்காங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஒண்ணைத் தப்புன்னா எல்லாத்தையும் தப்பும்பாங்க. நிலத் தகராறு, சொத்துத் தகராறு, எல்லாம் திரும்ப முதல்ல இருந்து வரும். ஊர்ல வெட்டுக் குத்து ஆயிரும். உங்களுக்கு உங்க கட்சிக்காரர் வேணுமா, ஊரைத் திருத்தணுமா?"

இந்தக் கேள்விக்கு வக்கீல் தொழிலில் ஒரே பதில்தான் உண்டு. கட்சிக்காரர்தான் வேண்டும் என்றேன். சொல்லும்போது காபி கசந்தது.

"இன்னொண்ணு. அவர் முகத்தை எந்திரத்துகிட்ட இருந்து எடுத்தாகணும். இல்லேன்னா நாளைக்கு இன்னொரு கேஸ்ல அவரே வந்து நிப்பாரு. கல்யாணத் தகடுகள்ல அவர் இருக்கற இடத்தையெல்லாம் எடுத்துட்டு, வேற ஆளைப் போட்டு, புதுசாப் பொறிச்சிருவாங்க. பழைய தகடை உடைச்சிருவாங்க. அவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

ஜெயிலில் நவநீதனிடம் விளக்கிச் சொன்னேன். வெளியே வரலாம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். முகத்தை எடுப்பதைப் பற்றிச் சொன்னபோது புரியாமல் பார்த்தார்.

"எல்லாக் கல்யாணத்துல இருந்துமுங்களா?"

"எல்லாத்துல இருந்தும்."

"எங்க சாதனா கல்யாணம்? அது ஒண்ணுலதானுங்க நான் வாளி தூக்காம, பட்டு வேட்டி கட்டி, மேடையில நின்னது. நாந்தானுங்க தாரை வாத்தேன்."

அதை நான் யோசிக்கவே இல்லை. அரசு வக்கீலைக் கேட்டேன். ஒன்றை விட்டாலும் எந்திரம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், விட முடியாது என்றார். வந்து நவநீதனிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "போகட்டுமுங்க. வீடியோவுல இல்லாட்டி என்ன, புள்ள வூட்டுக்கு வந்தா எதிர்ல நான் இருப்பேனுங்களே" என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் வெளியே வந்த அன்று சாதனா மகளோடு வந்திருந்தாள். ஜெயில் வாசலிலேயே அப்பா காலில் விழுந்தாள். அவர் பேத்தியைத் தூக்கப் பார்த்தார், முட்டி விடவில்லை. குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் கொஞ்சம் தள்ளி நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான், கூடவே வெட்கத்திலும். உள்ளே இன்னும் இருக்கிறவர்களுக்கு வாசலில் யார் வந்து நிற்பார்கள்?

கொஞ்ச நாள் கழித்து சாதனாவின் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார்களாம். மேடையில் யாரோ சிவப்பான, தொப்பை போட்ட ஆள் ஒருவர் சாதனாவின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக்கொண்டிருந்தாராம். "பாக்கறதுக்கு என்னைய விட எடுப்பாத்தானுங்க இருக்காரு" என்று நவநீதன் போனில் சொன்னார். நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

கார்த்திகை மாதம் தர்ஷினி என் அலுவலகத்துக்கு வந்தார். தீர்ப்பன்று என் முகத்தைப் பார்க்காமல் போனவர். திட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். எதிரே உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டாம் என்றார்.

"பேருக்கு முன்னாடி இருக்கற எழுத்தை எடுக்கோணும்னா என்னங்க பண்ணோணும்?"

"இனிஷியலா?"

"ஆமாங்க. எங்க வூட்டுக்காரரு எழுத்து. கோ. எனக்கு அது வேண்டாங்க. பாப்பா பேருலயும் இருக்குது, பொறந்த சர்டிபிகேட்டுல. அதுலயும் வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். பழுதான தகட்டை அப்படியே விடக் கூடாது என்று மீட்பகம் அந்தப் பதிவைத் திரும்ப மீட்டிருக்கிறது. நவநீதன் முகம் எந்திரத்திடம் இப்போது இல்லை. புதிய தகட்டைப் போலீஸ் தர்ஷினியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"அவருதானுங்க" என்றார் தர்ஷினி. "பாப்பா கையப் புடிச்சுட்டு வெளிய கூட்டிட்டுப் போறாரு."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். பிறகு பிரணவ் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். எந்திரம் வாய்ப்பு ஜாஸ்தி எதற்கு என்று மட்டும்தான் பார்க்கும். சின்னக் குழந்தை பயப்படாமல் ஒரு ஆணின் கையைப் பிடித்து நடந்தால் அது அப்பாவாகத்தான் இருக்கும் என்று அதற்குத் தெரியும். குழந்தை யார் என்பது வழக்கிலேயே இருக்கிறது, அதனால் அப்பாவின் முகத்தை உங்கள் கல்யாண வீடியோவிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறது. "அது அவர் இல்லம்மா. அவர் அன்னைக்கு மில்லுல ஷிப்ட்ல இருந்தாரு."

"மில்லுல இருந்தாருன்னு எதுலங்க இருக்குது?"

எதிலும் இல்லை. மில்லின் வருகைப் பதிவு எப்போதோ அழிந்துவிட்டது.

"நானும் யோசிச்சேனுங்க," என்றார் தர்ஷினி. குரலில் அழுகை இல்லை. "ஒவ்வொரு ஊரா என்னையும் கூட்டிட்டுச் சுத்துனாரு. செம்மாம்பாளையத்துல மட்டும் தேடவே விடல. இங்க இருக்காது, வா வான்னு வெளியூருக்கே கூட்டிட்டுப் போனாரு. அப்ப எனக்கு ஒண்ணுந் தோணலீங்க."

"அவர் தேடித்தேடியே செத்தாரும்மா."

"தேடுனாரா, நான் தேடறதப் பாத்துட்டே கூட வந்தாரா, யாரு கண்டது?"

போலீஸ் வழக்கை முடித்துவிட்டார்கள். குற்றவாளி இறந்துவிட்டார், இனி விசாரிக்க ஒன்றுமில்லை. அவர்களுக்கும் அது வசதி. அந்தத் தகட்டை எதிர்த்து வாதாட எனக்கு ஒரு வக்காலத்து வேண்டும். இறந்தவர் சார்பில் அதில் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே வாரிசு என் எதிரில், இனிஷியலை எடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். அவர் போட்டாலும், வேறு எந்தத் தகட்டைப் பற்றியும் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

இருந்தும் கேட்டேன். "நான் கோர்ட்டுல சொன்னதையெல்லாம் முன்வரிசையில உட்கார்ந்து கேட்டீங்களேம்மா. அந்த எந்திரம் எப்படித் தப்புப் பண்ணுதுன்னு காட்டினேனே. அதையும் நம்பலையா?"

"நம்புனதாலதானுங்க வந்தேன்" என்றார். "மொதல்ல இருந்தது தப்புன்னு நீங்கதான் காட்டுனீங்க. அதத்தான் இப்பத் திருத்திட்டாங்களே."

அவர் பையிலிருந்து குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்து, மடிப்பை நீவி என் பக்கம் தள்ளினார்.

"பாப்பாவுதை மொதல்ல எடுத்துருங்க" என்றார். "என்னுது அப்புறம் பாத்துக்கலாம்."